கும்மிடிப்பூண்டி லைனில் பறவை பார்ப்பது

சென்னையில் பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தெற்கே பார்த்தவர்கள். அடையாறு கழிமுகம், கிண்டி, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கரிக்கிலி என்று அவர்கள் சொல்லும் இடங்கள் எல்லாமே நகரத்தின் அந்தப் பக்கம். தண்டையார்பேட்டைக்காரன் விடியும் நேரத்தில் பள்ளிக்கரணையில் நிற்க ஆசைப்பட்டால் முதல் நாள் இரவே வேளச்சேரியில் யாராவது உறவினர் வீட்டில் படுக்க வேண்டும். எனக்கு அங்கே உறவினர் இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன், ஏனென்றால் எங்கள் வடசென்னைப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி லைன் இருக்கிறது.

இந்த லைனில் ஓடும் புறநகர் ரயில்களில் சில கும்மிடிப்பூண்டியோடு நிற்காமல் எளாவூர், ஆரம்பாக்கம், தடா, அக்கம்பேட்டை என்று போய் ஆந்திரத்தின் சூலூர்பேட்டையில் முடியும். முப்பது நாற்பது ரூபாய்கூட ஆகாத ஒரு டிக்கெட்டில் இரண்டு மாநிலங்கள், ஒரு ஆறு, ஒரு கழிமுகம், உப்பளம், நெல்வயல், பனங்காடு, முட்புதர்க்காடு, கடைசியில் ஒரு பெரிய உப்பங்கழி. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தொழிற்சாலை ஊழியர்கள் கும்மிடிப்பூண்டி வரை தூங்குவார்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில் நான் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்வேன். கடல் அந்தப் பக்கம்.

திருவொற்றியூர், விம்கோ நகர் வரை ஜன்னலுக்கு வெளியே காகமும் மாடப்புறாவும் கரும்பருந்தும்தான். எண்ணூர் தாண்டி ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தின் மேல் ஏறும்போது முதல் கூழைக்கடா தென்படும். அத்திப்பட்டு உப்பளங்களில் பாத்தி பாத்தியாக நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். நடுவே மஞ்சள்மூக்கு நாரை ஒன்று தலையைத் தாழ்த்தி, திறந்த அலகைச் சேற்றுநீரில் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருக்கும். அவற்றுக்குப் பின்னணியில் மின்கோபுரங்கள், புகைபோக்கிகள், நிலக்கரி கொண்டுபோகும் பட்டைகள். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதற்குள் ஆற்றுக்கு வடக்கே 1990களில் இன்னொன்று வந்துவிட்டது. அங்கே எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாயில் அனுப்பிச் செப்பாக்கம் பக்கம் தேக்கி வைக்கிறார்கள். தண்ணீர் சுண்டியதும் அது வெளுத்த சாம்பல் வெளியாகிவிடும். கோடைக் காற்றில் அந்தச் சாம்பல் எழும்பும்போது பக்கத்துக் கிராமத்து வீடுகளில் சோற்றுப் பானையைத் திறக்க முடியாது.

இந்தச் சாம்பலையும் சேர்த்துத்தான் எங்கள் பக்கத்து இயற்கை. இதைத் தவிர்த்துவிட்டு வெறும் பறவைகளை மட்டும் படம் பிடித்துப் போடுகிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மின்கோபுரத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ள அவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பொன்னேரிக்குப் பிறகு வயல்கள். கவரைப்பேட்டைக்குப் பிறகு சவுக்கும் தைலமரமும். எளாவூருக்கு அப்பால் மண்ணின் நிறம் மாறி, பனைமரங்களுக்கு இடையே முட்புதர்கள் தொடங்கும். தந்திக் கம்பியில் பனங்காடை, அடுத்த கம்பியில் கரிச்சான், அதற்கடுத்து வரிசையாகப் பஞ்சுருட்டான்கள். இங்கே ரயில் ஓரிடத்தில் சிக்னலுக்காக நின்றுவிட்டால் போதும். கௌதாரி கத்துவது பெட்டிக்குள்ளேயே கேட்கும். ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையில் எங்கோ மாநில எல்லை கடந்துபோகிறது. ரயிலில் இருப்பவர்களுக்குக் கைப்பேசியில் வரும் குறுஞ்செய்திதான் அதை அறிவிக்கும்.

இந்த எல்லைக்காக நடந்த சண்டைகள் சிறியவை அல்ல. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது வடக்கெல்லைப் போராட்டத்தை ம.பொ.சி. முன்நின்று நடத்தினார். கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தி அமைக்கப்பட்டு, திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஊர்களைப் பிரிக்கும்போது மொழி பேசுகிறவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஏரியைக் கணக்கெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பழவேற்காடு ஏரி இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு நுனியும், கடலில் திறக்கும் முக்கிய முகத்துவாரமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நீர் உள்ளே வரும் வாய் ஒரு மாநிலத்தில், வயிறு இன்னொரு மாநிலத்தில். முகத்துவாரத்தை மணல் மூடினால் இங்கே உள்ள மீனவர்கள் மனு கொடுக்கிறார்கள், அங்கே இறால் குறைகிறது. இந்தப் பக்கத்து மீனவர்கள் யார் எந்த நாளில் எந்த நீரில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. எல்லைக்கோட்டின் மேல் அந்த முறை செல்லுபடியாகாது. ஆகவே அவ்வப்போது படகுகள் பிடிபடுவதும் பேச்சுவார்த்தை நடப்பதும் உண்டு.

பறவைகளுக்கு வருகிறேன்.

சூலூர்பேட்டையில் இறங்கி இட்லிக்குக் காரப்பொடியும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஆட்டோ பிடிப்பது என் வழக்கம். 1969இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்ததால்தான் ஏரியின் குறுக்கே இந்தச் சாலை வந்தது. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான். இரண்டு பக்கமும் ஏரி. நடுவில் ஒரு நேர்கோடு. கோடையில் அங்கே போனால் இரண்டு பக்கமும் ஏரி இருக்காது. வெடித்த சேறும் அதன் மேல் உப்புப் பூத்த படலமும், தொலைவில் ஒரு நீர்க்கீற்றும், அதற்கும் அப்பால் கானலும்தான்.

ஒருமுறை ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். “சார், ஏரியே காய்ந்து கிடக்கிறது. இப்போது வந்து என்ன பார்ப்பீர்கள்? ஜனவரியில் திருவிழாவுக்கு வந்திருக்க வேண்டும்” என்றார். சூலூர்பேட்டையில் பூநாரையின் (ஃபிளமிங்கோ) பெயரில் அரசு நடத்தும் விழாவைச் சொல்கிறார். பந்தல், பாட்டுக் கச்சேரி, ஏரிக்கு இலவச பஸ் எல்லாம் உண்டு. பூநாரைகளும் தூரத்தில் உண்டு. ஆனால் அவர் சொன்னதில் பாதிக்குத்தான் நான் சம்மதிப்பேன்.

இந்த ஏரியின் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆரணியாறும் காலங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவரும் நீரால் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, டிசம்பரில் ததும்பி நிற்கும். ஆழம் குறைவானதால் வெயில் ஏற ஏற அது கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில் வேகமாகச் சுருங்கும். நீர்ப்பரப்பு 450 சதுர கிலோமீட்டரிலிருந்து 250 வரை மாறும் என்று சொல்வார்கள். இடைப்பட்ட 200 சதுர கிலோமீட்டர் ஒவ்வொரு ஆண்டும் நீராக இருந்து சேறாகி, உப்பாகி, புழுதியாகிறது. பறவைகளின் பந்தி நடப்பது அங்கேதான். ததும்பி நிற்கும் ஏரியில் இறாலும் புழுவும் பரந்து கிடக்கும். கால் எட்டாத ஆழத்தில் நாரைக்கு வேலையில்லை. நீர் வடியும்போது அத்தனை உயிரும் சுருங்கும் பள்ளங்களில் நெருங்கித் திரளும். உப்பு ஏறும், மார்ச் தாண்டினால் வடக்குப் பகுதியில் நீர் கடல்நீரைவிடக் கரிக்கும். அந்த உப்பில் வாழத் தெரிந்த நுண்பாசியும் சிறு இறாலினமும் பெருகும். அப்போதுதான் பூநாரை தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி வடிகட்டத் தொடங்கும்.

நீரின் விளிம்பில் நின்று பார்த்தால் கால்களின் நீளத்தை வைத்தே இடம் பிரித்திருப்பது தெரியும். முழங்கால் ஆழத்தில் பூநாரை. அதற்கு இப்பால் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும். கணுக்கால் நீரில் நெடுங்கால் உள்ளானும் மூக்கன்களும். நீர் இப்போதுதான் விலகிய ஈரச் சேற்றில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். சேறு காய்ந்து புல் தலைகாட்டும் இடத்தில் வானம்பாடிகளும் நெட்டைக்காலிகளும். அவற்றுக்கு மேலே, தரையைத் தடவுகிற உயரத்தில் ஒரு பூனைப்பருந்து. இந்த வரிசை முழுவதும் நாளுக்கு நாள் ஏரியின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் போகிறவர், பூநாரையைப் பார்த்த இடத்தில் வானம்பாடியைப் பார்ப்பார்.

இதை என்னைவிடச் சுருக்கமாகப் பழவேற்காடு பக்கம் ஒரு இருளர் பெண்மணி சொன்னார். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் முழங்காலிட்டபடி இரண்டு கைகளாலும் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பறியை எடுத்துவிட்டு, “தண்ணீர் அந்தத் திட்டுப் பக்கம் இறங்குகிறது ஐயா. நாளை மறுநாள் நாங்களும் அங்கேதான் இருப்போம், உங்கள் நாரையும் அங்கேதான் இருக்கும்” என்றார். திரும்பப் பறியைக் கவ்விக்கொண்டார். அவரிடம் பேசியதில் கிடைத்த தகவல் எனக்கு எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை.

ஏரியை விட்டு மேற்கே ஏறினால் வரும் வறண்ட புதர்நிலம் இன்னும் கவனிக்கப்படாத இடம். பூநாரை பார்க்க வருகிறவர்கள் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இதைக் கடந்துவிடுகிறார்கள். இங்கே பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். பறவைகள் மண்ணின் நிறத்திலேயே இருக்கின்றன. கல்கௌதாரிகள் ஒரு மண்கட்டிக்கும் இன்னொரு மண்கட்டிக்கும் நடுவே குந்தியிருக்கும். காலடி பக்கத்தில் விழும்வரை அசையாது. பிறகு படபடவென்று மொத்தமாக எழும். கண்கிலேடி பெரிய மஞ்சள் கண்களோடு புதர் நிழலில் பகல் முழுவதும் நின்றுகொண்டே தூங்கும். சாம்பல் தலை வானம்பாடி ஆண் நேர் மேலே ஏறி, சிறகை மடக்கி விழுந்து, தரைக்குச் சற்று மேலே சமாளித்து மறுபடி ஏறும். ஒரு சிட்டுக்குருவி அளவுள்ள பறவை இத்தனை வீரம் காட்டத் தேவையில்லை என்று தோன்றும். காலை ஒன்பதரைக்கு மேல் எதையும் அடையாளம் சொல்ல முடியாது. கானல் எழுந்து, உள்ளான் நாரை அளவுக்கு நீளும். நாரை இரண்டாக உடையும். தொலைநோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கானல்தான் பெரிதாகும். விலை உயர்ந்த தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் அப்போது எங்களைப் போல டீக்கடைக்குத்தான் வர வேண்டும்.

இங்கே நிற்கும் பூநாரைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் ஏரிக்கரையில் எல்லோரும் குஜராத்தின் கட்ச் என்பார்கள். தென்னிந்தியாவுக்கு வரும் பூநாரைகள் பொதுவாக அங்கே குஞ்சு பொரிப்பவை என்றுதான் பறவையியலாளர்களும் கருதுகிறார்கள். அந்த ஊரைப் பார்த்துவிடுவது என்று நானும் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் ஒரு ஜனவரியில் கிளம்பினோம். சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் எங்களுடைய கும்மிடிப்பூண்டி லைன் வழியாகத்தான் வடக்கே போகிறது. வீட்டுக் கொல்லைப்புறத் தண்டவாளமே பாகிஸ்தான் எல்லை வரை கொண்டுபோய் விடுகிறது என்பதில் நண்பருக்குத் தனிப் பெருமை. தடாவைக் கடக்கும்போது ஏதோ தானே போட்ட தண்டவாளம்போல எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். அகமதாபாத்தில் வண்டி மாறி, பூஜ் போய்ச் சேர்ந்தோம்.

பூஜுக்கு வடக்கே பன்னி புல்வெளி. 2,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம். மால்தாரி இடையர்களின் எருமைகள் இரவில் தாமாகவே மேயப்போய், விடியலில் கறவைக்கு வீடு திரும்புகின்றன. அந்தப் பன்னி எருமைக்குத் தனி இனம் என்ற அங்கீகாரம் 2010இல் கிடைத்தது. பிரந்தியாராவில் அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்தில் விற்கும் பால்கோவாவைச் சாப்பிட்டபோது, அங்கீகாரம் தாமதமாக வந்ததாகவே எங்களுக்குத் தோன்றியது. சீட்டு வாங்கி வடக்கே போனால் புல் குறைந்து, தரை வெளுத்து, ரண் என்ற உப்புவெளி தொடங்கிவிடும். காவ்டாவுக்கு அப்பால் ஒரு பாலம். அதைத் தாண்ட எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். பூநாரை நகரம் என்று அழைக்கப்படும் இனப்பெருக்கத் தீவு அந்தப் பாலத்துக்கு அப்பால் ரண்ணுக்குள் இருக்கிறது. எங்களுக்கு அனுமதி இல்லை, போகவும் இல்லை. கூடு கட்டும் இடத்துக்குப் போவதில் எனக்கு விருப்பமும் இல்லை. பறவையியலாளர் சாலிம் அலி 1945இல் ஒட்டகத்தில் ஏறி அங்கே போய், குஞ்சுகளையும் சேர்த்து ஐந்து லட்சம் பூநாரைகள் இருக்கும் என்று மதிப்பிட்டார். அவர் போனது போதும்.

சுமார் 460 மீட்டர் உயரமுள்ள காலோ டுங்கர் குன்றின் மேல் நின்று ரண்ணைப் பார்க்கலாம். கட்ச்சின் உயரமான இடம் அதுதான். அங்கே நின்றபோதுதான் சூலூர்பேட்டையின் கணக்கு முழுதாகப் புரிந்தது. ரண்ணில் தென்மேற்குப் பருவமழை நீரும், அதே காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரும் ஜூலை முதல் தேங்கி நிற்கின்றன. மழை நின்றதும் அது வற்றத் தொடங்குகிறது. பூநாரை சேற்றைக் குவித்து, மேலே குழித்து, ஒற்றை முட்டை இடும். சேறு குவிக்கும் பதத்துக்கு நீர் வற்ற வேண்டும். நரி நடந்து வரும் அளவுக்கு வற்றிவிடவும் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் குஞ்சு இல்லை. அளவுக்கு மீறிப் பெய்தால் மேடுகள் முழுகிவிடும். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் கூட்டம் கூட்டமாக நடந்து, பறக்கக் கற்று, ரண் உப்பாகும்போது கிளம்பும். அந்த நேரத்தில் தெற்கே வடகிழக்குப் பருவமழை முடிந்து, பழவேற்காடு வற்றத் தொடங்கியிருக்கும். ஒரு பருவமழையின் நீர் வற்றும் இடத்திலிருந்து இன்னொரு பருவமழையின் நீர் வற்றும் இடத்துக்கு அவை நகர்கின்றன. இரண்டு மழைகளுக்கும் இடையிலுள்ள சில மாத இடைவெளியில்தான் இந்த இனத்தின் ஆண்டு ஓடுகிறது.

கட்ச்சில் பார்த்தவை பல. சாரி தண்ட் என்ற நீர்நிலையில் ஆயிரக்கணக்கான பெருங்கொக்குகள் மாலையில் எக்காளம் ஊதுவதுபோல் ஒலி எழுப்பிக்கொண்டு இறங்கின. பன்னி புல்லில் பூனைப்பருந்துகள் அந்தியில் ஒவ்வொன்றாக வந்து தரையிலேயே படுத்தன. சூலூர்பேட்டையில் ஒன்றைப் பார்த்தால் டைரியில் எழுதுகிற எங்களுக்கு எண்ணி முடியவில்லை. ஃபுலாய் கிராமத்தில் உகாய் மரத்தின் பழத்துக்காகச் சாம்பல் ஹிப்போகோலியஸ் வருகிறது. இராக், ஈரான் பக்கம் கூடு கட்டும் பறவை. இந்தியாவில் அதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்த ஒரு கிராமத்துக்குத்தான் முதலில் வருகிறார்கள். நண்பர் பறவையை விட்டுவிட்டு மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி இந்த மரம்தான், நம் கடலோரச் சேற்று நிலத்திலும் வளரும்.

சீமைக்கருவேலமும் அங்கே இருக்கிறது. ரண் முன்னேறி வருவதைத் தடுக்க வேண்டும் என்று 1960களில் வனத்துறை அதைப் பன்னியில் நட்டது. இன்று அது புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்குப் பைத்தியக்காரக் கருவேலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எண்ணூரிலிருந்து தடா வரை ரயில் பாதையின் இருபுறமும் அதே மரம். புல் நிலத்தை மரமில்லாத காடு என்று நினைத்தவர்களின் வேலை இரண்டு ஊரிலும் ஒரேபோல முடிந்திருக்கிறது.

ஆனால் கட்ச்சில் என் மனதைத் தைத்தது கானமயில்தான் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்). அதாவது, பார்க்காத கானமயில். நலியா பக்கம் அதற்காக 1992இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர். ஒரு மீட்டர் உயரமும் பல கிலோமீட்டர் அலையும் வழக்கமும் உள்ள பறவைக்கு இரண்டு சதுர கிலோமீட்டர்! தண்டையார்பேட்டையில் சில வார்டுகளே அதைவிடப் பெரியவையாக இருக்கும். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் கானமயில்கள் 150க்கும் குறைவு, பெரும்பாலானவை ராஜஸ்தானில். கட்ச்சில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண் பறவைகளே மிஞ்சின. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்கு நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. கனமான உடல், சட்டென்று திரும்பவும் முடியாது. உயர் அழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது. அந்தக் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, ஆராய ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. காரணம் சூரிய மின்சாரம். காவ்டாவுக்கு அப்பால் 30 ஜிகாவாட் மின் பூங்கா திட்டமிட்டிருக்கிறார்கள். காற்றாலையும் சூரியத் தகடுகளும் வரும் நிலத்தைப் பற்றிப் பூஜில் ஒரு ஹோட்டல்காரர் எங்களிடம் சொன்னது: “அங்கே என்ன இருக்கிறது? வெறும் உப்பு.”

இதே வாக்கியத்தை நாங்கள் வேறு மொழியில் கேட்டு வளர்ந்தவர்கள். எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தபோதும், சாம்பல் தேக்க இடம் பார்த்தபோதும், கழிமுகத்தின் சேற்று நிலத்தை மண் கொட்டி மேடாக்கியபோதும் சொன்னது இதுதான்: அங்கே என்ன இருக்கிறது, வெறும் சேறு. சூரிய மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. நிலக்கரிப் புகையை மூக்கால் அறிந்தவன் எப்படி எதிர்ப்பேன்? எனக்கு உள்ள சண்டை, மின்சாரம் எதுவானாலும் அதற்கு இடம் தேடும் கண் எப்போதும் காய்ந்த நிலத்தின் மேல்தான் விழுகிறது என்பதோடுதான். மரம் இருந்தால் காடு, தண்ணீர் நின்றால் ஏரி. இரண்டும் இல்லாத மாதத்தில் ஒரு நிலத்தை வந்து பார்க்கிற அதிகாரி அதைக் காலி இடம் என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறார். நண்பர் என்னோடு இதில் ஒத்துப்போக மாட்டார். “கம்பியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் போதும், நிலம் எங்கே போகிறது?” என்பார். நாற்பது வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவர். அவருக்குத் தள்ளிப்போட முடியாத பாதை என்று ஒன்று கிடையாது. அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் இந்த வாதம் ஓடியது. கூடூர் வந்ததும் இருவரும் களைத்துப்போய்ப் பிரியாணி வாங்கினோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுவதும் படிந்தது. வெண்மையாக இருக்க வேண்டிய கூழைக்கடாக்கள் பழுப்பும் கறுப்புமாக உட்கார்ந்திருந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. மீனவர்கள் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள். அப்போது கழிமுகத்தைத் தேடி வந்த கேமராக்கள் வெள்ளம் வடிந்ததும் போய்விட்டன. அடுத்து வந்த கோடையில் அங்கே யார் வந்து நின்றது, யார் வராமல் போனது என்று குறித்து வைத்தவர்கள் மிகச் சிலர்.

எனக்கு இதில் ஒரு நடைமுறைக் கோரிக்கை உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. நல்ல காரியம், நாங்களும் போய் எண்ணுகிறோம். கண்டம் முழுவதும் ஒரே சமயத்தில் எண்ண வேண்டும் என்பதால் ஜனவரி. ஆனால் எங்கள் ஏரிக்கு ஜனவரி என்பது இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருக்கும் நேரம். சாப்பாடு பிப்ரவரி பின்பாதியில் தொடங்கி, கோடைமழை வந்து கலைக்கும் வரை நடக்கிறது. நீர் நிறைந்த நாளில் எடுத்த எண்ணிக்கையை வைத்து ஒரு சேற்று நிலத்தின் மதிப்பைச் சொன்னால், அதை நிரப்ப நினைப்பவர்களுக்குத்தான் வசதி. ஆகவே நாங்கள் சிலர் மார்ச்சிலும் ஏப்ரலிலும் எண்ணூர், அத்திப்பட்டு, பழவேற்காடு, அட்டகானிதிப்பா என்று பிரித்துக்கொண்டு தனியாக எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் சூலூர்பேட்டையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களோடு சேர்ந்துகொள்கிறார். நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் மரங்களுக்கு அடியில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தவர்கள்; எண்ணிக்கையில் எங்களைவிடக் கறாரானவர்கள்.

வர விரும்புகிறவர்களுக்கு: விடியற்காலை வண்டியைப் பிடியுங்கள், அடுத்த வண்டியில் வந்தால் கானல்தான் கிடைக்கும். வண்டியில் வலப்பக்கம் உட்காருங்கள். வெளிர் நிற உடை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குடை வேண்டாம், சாலையில் காற்று அதைத் திருப்பிவிடும். செருப்போடு சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்திருக்கும், கீழே முழங்கால் வரை போகும். திரும்பும் ரயில்களுக்கு இடையே இடைவெளி அதிகம் என்பதால் நேரம் பார்த்துக்கொண்டு வெளியே வாருங்கள். தவறவிட்டால் தேசிய நெடுஞ்சாலையில் பஸ் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒரு உப்புக்கொத்தியைக்கூடப் பார்க்க முடியாது.